மூன்றாம் ஜன்னலின் ஆறாவது பல்

அலுவலகத் தளவாடம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், போன வருஷம் வரைக்கும் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. மேசை, நாற்காலி, பீரோ, மின்விசிறி, மை காய்ந்த முத்திரைப் பெட்டி. எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் இருக்கும். எண் இருந்தால் அலுவலகத்துடையது, இல்லாவிட்டால் யாருடையதோ. இவ்வளவுதான் சங்கதி.

இந்த வருஷம் அந்தப் பட்டியலில் பல்லும் சேர்ந்தது.

எப்படிச் சேர்ந்தது என்பதை முறைப்படி சொல்லிவிட வேண்டும். முகவரிச் சான்று வழங்கும் அந்த அலுவலகத்தின் இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினார். போகும்போது அவர் வாயில் இருந்தவை பெற்றவள் கொடுத்த பற்கள். வரும்போது இருந்தவை வேறு. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, குளியலறைச் சுவரில் ஓடு பதித்த மாதிரி. அவர் காரை விட்டு இறங்கிச் சிரித்ததும் வாசல் காவலர், யாரோ டார்ச் அடிக்கிறார்கள் என்று கையை வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

அடுத்த மாதமே துணை இயக்குநர் பல்லை மாற்றிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் உதவி இயக்குநர்கள் இரண்டு பேர். மேலாளருக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனாலும் மேலதிகாரிகள் சிரிக்கும் இடத்தில் தான் மட்டும் மஞ்சளாகச் சிரிப்பது மரியாதைக் குறைவு என்று, ஏதோ ஒரு பொடியை வாங்கிக் காலையும் மாலையும் தேய்த்து, கடைசியில் குளிர்ந்த தண்ணீரைக் கண்டாலே துள்ளிக் குதிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு சுற்றறிக்கை வந்தது.

"பொதுமக்களை நேரில் சந்திக்கும் ஜன்னல் பணியாளர்கள் அனைவரும், சேவையின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும், மேல்வரிசை முன்பற்கள் ஆறும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும் வண்ணம் புன்னகைத்தல் வேண்டும். மேற்படி பற்கள் அலுவலகப் பணிக்குப் பயன்படுவதால் அவை இன்று முதல் அலுவலகத் தளவாடமாகக் கருதப்படும். அவற்றை முன் அனுமதியின்றிப் பழுதுபார்த்தல், மாற்றுதல், அப்புறப்படுத்துதல் ஆகியவை ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவை. மாதக் கடைசி நாளில் புன்னகைத் தணிக்கை நடைபெறும். ஆறு பற்களுக்குக் குறைவாக உடையோர் பழைய கோப்புக் கிடங்குக்கு மாற்றப்படுவர்."

மறுநாள் காலை தளவாட எழுத்தர் பெரிய பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் டார்ச்சோடு ஜன்னல் ஜன்னலாக வந்தார். "ஆ காட்டுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு. நல்ல நிலைமை. இங்க ஒரு கையெழுத்து." பெயின்ட் டப்பாவும் கொண்டு வந்திருந்தார். வெள்ளைப் பல்லில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் போட்டால் தெரியாதே என்று நாலாம் ஜன்னல்காரர் எடுத்துச் சொன்னதால் அந்த வேலை மட்டும் ஒத்திவைக்கப்பட்டது. கறுப்புப் பெயின்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

எடுத்துச் சொன்ன நாலாம் ஜன்னல்காரருக்குத்தான் முதல் அடி விழுந்தது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிற மனுஷன். வாயில் இருப்பது கழற்றி மாட்டுகிற பல்செட். தளவாட எழுத்தர் அதைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"சார், மத்தவங்களுது அசையாச் சொத்து. உங்களுது அசையும் சொத்து. அசையும் சொத்தை அலுவலகத்துக்கு வெளிய கொண்டு போகக் கூடாதே."

"யோவ், அப்ப நான் ராத்திரி எப்படிச் சாப்பிடறது?"

"அது உங்க சொந்த விஷயம் சார். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டுச் சாவியை என்கிட்ட குடுத்துடுங்க."

அன்றிலிருந்து அவர் மத்தியானத்திலேயே ராத்திரிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அவள் பெயரே மூணாம் ஜன்னல்தான். நாலு வயசுப் பெண் குழந்தைக்குத் தாய். காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கதவருகே போய் நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அது பையை முதுகில் மாட்டிக்கொண்டு, "எங்கம்மா என்னை மறந்துட்டாங்க" என்று காப்பகத்து அம்மாவிடம் நியாயம் பேச ஆரம்பித்துவிடும். அலுவலகத்துக்கும் காப்பகத்துக்கும் பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவள் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. பழைய கோப்புக் கிடங்கோ ஊருக்கு அந்தப் பக்கம், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இடம். அங்கே வேலை என்றால் குழந்தை எழுவதற்கு முன்னால் கிளம்பி, தூங்கின பிறகு வந்து சேர வேண்டும்.

தணிக்கைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலை, வாசலில் குனிந்து குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். "நானே மாட்டிக்கறேன்!" என்று அது ஒரு எம்பு எம்பியது. தலை நேராக வந்து வாயில் மோதியது. டக் என்று ஒரு சத்தம். குழந்தையின் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷூவுக்குள் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது.

"அம்மா, உன் பல்லு உடைஞ்சு போச்சு" என்றது குழந்தை, ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி சொல்வது போல. "அழாத. வேற முளைக்கும்."

கண்ணாடியில் பார்த்தாள். நட்ட நடுப் பல். பாதிக்கு மேல் காணோம். மிச்சம் இருந்தது சாய்வாக, உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி நின்றது. மூச்சை இழுத்தால் மண்டை வரைக்கும் சுள்ளென்றது.

மோட்டார் மெக்கானிக்கான வீட்டுக்காரர் கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டிக்கு அடியில் பார்ப்பது போலவே எட்டிப் பார்த்தார். "முன்னாடி பம்பர்தான் போயிருக்கு. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. முதல்ல பல் டாக்டர்கிட்ட போ."

பல் மருத்துவர் இளவயதுப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க. பல்லு உடைஞ்சிருக்கு, ஆனா வேர் கல்லு மாதிரி இருக்கு. உள்ள நரம்பை எடுத்துச் சுத்தம் பண்ணி அடைச்சுட்டு, மேல ஒரு உறை போட்டா போதும். உங்க பல்லு உங்களுக்கே இருக்கும்."

"வேற வழி ஏதாவது இருக்கா டாக்டர்?"

"இருக்கு. புடுங்கிட்டு, ரெண்டு பக்கத்துப் பல்லையும் ராவி மூணையும் சேர்த்துப் பிரிட்ஜ் கட்டலாம். இல்ல, கழட்டி மாட்டற ஒத்தைப் பல்லு. இல்ல, தாடை எலும்புல ஒரு திருகாணி இறக்கி, மாசக்கணக்கா ஆற விட்டு, மேல பல்லு வைக்கலாம். இதெல்லாம் பல்லு போயிட்டவங்களுக்கு. உங்களுக்குத்தான் வேர் இருக்கே, எதுக்கு அதைக் கொல்லணும்? ஆனா ஒண்ணு. தள்ளிப் போடாதீங்க. இப்ப தற்காலிகமா மூடி வெக்கறேன். ரெண்டு வாரத்துக்கு மேல விட்டா உள்ள சீழ் கோத்துக்கும். அப்புறம் காப்பாத்தறது கஷ்டம். நாளைக்கே ஆரம்பிச்சுடலாமா?"

மூணாம் ஜன்னல் வாயைத் திறந்தாள், சரி என்று சொல்வதற்கு. அப்போதுதான் சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது.

"ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டு வந்துடறேன் டாக்டர்."

"உங்க பல்லுக்கா?"

"என்னோடது இல்லைங்க. ஆபீஸ் பல்லு."

மருத்துவர், அடி தலையிலும் பட்டிருக்குமோ என்று ஒரு மாத்திரை சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மேலாளர் முன்னால் போய் நின்றாள். மேலாளர் நல்ல மனுஷர்தான். எந்தக் காகிதத்தையும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டார். ஆம் என்று சொல்லியும் அனுப்ப மாட்டார். அவ்வளவு இளகிய மனசு.

"உறை போட்டுக் காப்பாத்தலாம்னு சொல்றாங்களா? நல்ல விஷயம். பழுதுபார்ப்புப் பிரிவுல வரும். வேர் எங்க இருக்கு?"

"ஈறுக்குள்ள சார்."

"வெளிய தெரியுமா?"

"தெரியாது சார்."

மேலாளர் சுற்றறிக்கையை எடுத்து விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "தெரியும் வண்ணம்னுதான் போட்டிருக்கு. அப்ப தெரியற பகுதிதான் ஆபீஸோடது. வேர் உங்க சொந்தச் சொத்து. உங்க சொந்த நிலத்து மேல ஆபீஸ் கட்டடம் எழுப்ப விதியில இடம் இல்லையேம்மா."

"அப்ப நானே போட்டுக்கறேன் சார்."

"ஆபீஸ் பல்லு இருந்த இடத்துல தனியார் கட்டடமா? அது ஆக்கிரமிப்பும்மா." அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "வேற ஏதாவது சொன்னாங்களா?"

"பக்கத்துப் பல்லு ரெண்டையும் ராவிப் பிரிட்ஜ் கட்டலாம்னாங்க."

"ஐயையோ! நல்ல நிலைமையில இருக்கற தளவாடம் ரெண்டைச் சேதப்படுத்தறதா? போன வாரம்தானே நல்ல நிலைமைன்னு கையெழுத்துப் போட்டீங்க."

"கழட்டி மாட்டற பல்லு..."

மேலாளர் நாலாம் ஜன்னல் பக்கம் மட்டும் பார்த்தார். அங்கே அந்த மனுஷர் ராத்திரிச் சாப்பாட்டைப் பகல் பன்னிரண்டு மணிக்கே மென்றுகொண்டிருந்தார்.

"எலும்புல திருகாணி இறக்கி..." என்று அவள் முடிப்பதற்குள் மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். "துளை போட்டு, திருகாணி இறக்கி, மேல நிரந்தரமா எழுப்பறதா? அது நம்ம பிரிவே இல்லம்மா. கட்டுமானப் பிரிவு."

கட்டுமானப் பிரிவின் பொறியாளர் மறுநாளே வந்தார். வேலை என்று வந்துவிட்டால் அவர் சுறுசுறுப்பானவர். மூணாம் ஜன்னலின் தாடையை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். அளவு நாடாவை விரித்து மூக்குக்கும் மோவாய்க்கும் இடையில் பிடித்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"அஸ்திவாரம் பார்த்தா தெம்பாத்தான் இருக்கு. ஆனா வரைபடம் வேணும். அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும்."

"அக்கம்பக்கத்தாரா? பக்கத்துல இருக்கறதும் என் பல்லுதானே சார்?"

"அது தளவாடம். தளவாடம் சார்பா தளவாட எழுத்தர்தான் எழுதணும். எல்லாம் சரியா இருந்தா பதினாலு மாசத்துல வேலை ஆரம்பிச்சுடலாம்."

பதினாலு மாசம்! தணிக்கைக்கு இருந்ததோ பதினெட்டு நாள்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் முறைத்ததும் அடக்கிக்கொண்டு, "கேக்காம போய்ப் போட்டுட்டு வந்துடு. யாரு உள்ள பூந்து பாக்கப் போறாங்க?" என்றார்.

"டார்ச் வெச்சுப் பாப்பாங்க. கிடங்குக்கு மாத்திடுவாங்க. அப்புறம் நீங்கதான் காலையில இதுக்கு ஜடை பின்னணும்."

வீட்டுக்காரர் குழந்தையின் சுருட்டை முடியைப் பார்த்தார். "அனுமதியே வாங்கிடு" என்றார்.

விஷயம் முற்றியதும், ஒரு குழு அமைக்கப்பட்டது. உதவாத தளவாடங்களைக் கழிவு செய்யும் குழு. ஐந்து பேர். கூட்ட அறையில் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்து, "ஆ" காட்டச் சொன்னார்கள். முதல் உறுப்பினர் எட்டிப் பார்த்து, "சேதம்" என்றார். இரண்டாமவர் எட்டிப் பார்த்து, "சேதம் என்பதைவிட, பெரும்பகுதி இன்மை" என்றார். சேதம் என்றால் காப்பாற்ற வேண்டும், இன்மை என்றால் மாற்ற வேண்டும், ஆகவே இது முக்கியமான கருத்து வேறுபாடு என்று மூன்றாமவர் பதிவு செய்யச் சொன்னார். நாலாமவர் தேநீர் வரட்டும் என்றார். ஐந்தாமவர் அளவுகோலை எடுத்து அளந்தார்.

"நூத்துக்கு நாப்பது இருக்கு. பாதிக்குக் குறைஞ்சா கழிவுதான்."

"சார், கீழ வேரு முழுசா நல்லா இருக்குங்க. டாக்டர் படம் எடுத்திருக்காங்க, இதோ."

"படத்துல தெரியறது படம்மா. நாங்க பாக்கறது பல்லு."

தேநீர் வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் முடிவாகிவிட்டது. மறுநாள் அவள் கையில் உத்தரவு கொடுக்கப்பட்டது. மேலாளர் கையெழுத்து, கீழே நீள முத்திரை. "மூன்றாம் ஜன்னலுக்கு உரிய பல் ஒன்று, பயன்பாட்டுக்குத் தகுதியற்றது எனக் கண்டறியப்பட்டு, பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. மேற்படி பல்லை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அகற்றித் தளவாடப் பிரிவில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளவும். புதிய பல்லுக்கான விண்ணப்பம் தனியே பரிசீலிக்கப்படும்."

மூணாம் ஜன்னல் உத்தரவை இரண்டு தடவை படித்தாள். தற்காலிகமாக மூடி வைத்த பல்லோ நேற்றிலிருந்து விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. கல்லு மாதிரி இருக்கிற வேரைப் பிடுங்கி, காகிதத்தில் மடித்து, தளவாடப் பிரிவில் கொடுத்து ரசீது வாங்க வேண்டுமாம். வாங்கிக்கொண்டு, ஐந்து பல்லோடு கிடங்குக்குப் போக வேண்டுமாம். அழுகை முட்டியது. அழுதால் பல் இன்னும் வலிக்கும் என்பதால் அழவில்லை.

மூன்றாவது தடவை படித்தபோது ஒரு யோசனை தட்டியது. நேரே தளவாட எழுத்தரிடம் போனாள்.

"சார், கழிச்ச சாமானை எல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. பின்கட்டுல போட்டு வியாழக்கிழமை ஏலம் விடுவோம். நாலாம் ஜன்னல் சார் வீட்டுல பாதி சாமான் நம்ம ஏலத்துல எடுத்ததுதானே?"

"ஏலத்துக்கு முன்னாடி சாமானைப் பிரிச்சுக் கழட்டி வெப்பீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில். எடுக்கறவங்கதான் கழட்டிக்கணும். அதுதான் விதி."

"அப்ப என் பல்லும் இருக்கற இடத்திலயே இருக்கட்டும் சார். வியாழக்கிழமை ஏலத்துல சேர்த்துடுங்க. வெள்ளிக்கிழமை ஒப்படைக்கறதுக்குள்ள அது யாருக்காவது சொந்தமாயிடும். உங்களுக்கும் பிடுங்கின பல்லைப் பத்திரப்படுத்தற வேலை மிச்சம்."

தளவாட எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பல்லை ஏலம் விடலாம் என்று எங்கேயும் இல்லை. கூடாது என்றும் எங்கேயும் இல்லை. வேலை மிச்சம் என்ற வார்த்தை வேறு காதில் விழுந்துவிட்டது. எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் பின்கட்டில் வழக்கமான கூட்டம். அலுவலக ஆட்கள் ஏழெட்டுப் பேர், கூடவே எப்போதும் வருகிற பழைய இரும்புக்காரர். தளவாட எழுத்தர் பட்டியலைப் படித்தார்.

"ஏழாவது தொகுதி. கால் ஒடிஞ்ச நாற்காலி மூணு, ஓடாத மின்விசிறி ஒண்ணு, பல் ஒண்ணு. எல்லாம் சேர்த்து ஒரே தொகுதி."

"எதுக்கு சார் சேர்த்தீங்க?" என்று அவள் அலறினாள்.

"ஒத்தைப் பல்லை மட்டும் யாரு எடுப்பாங்கன்னுதான்மா. உங்க நல்லதுக்குத்தான்."

"பத்து!" என்றாள் மூணாம் ஜன்னல்.

"பதினஞ்சு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினாள். நாலாம் ஜன்னல்காரர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணே! அது என் பல்லு!"

"ஐயோ, மன்னிச்சுக்கோம்மா. நாற்காலின்னு காதுல விழுந்ததும் கை தானா எழுந்துடுச்சு." அவர் வலது கையை இடது கையால் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டார்.

பழைய இரும்புக்காரர் விடவில்லை. அவருக்கு மின்விசிறி மேல் கண். "இருபது" என்றார். அவள் இருபத்தொன்று என்றாள். அவர் முப்பது என்றார். அவள் கைப்பையில் இருந்ததே முப்பத்திரண்டுதான். அவள் முப்பத்தொன்று என்றதும், இரும்புக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார், "நாற்காலியும் ஃபேனும் இங்க கிடக்கு. பல்லு எங்க?"

"இதோ" என்று மூணாம் ஜன்னல் வாயைத் திறந்து காட்டினாள்.

இரும்புக்காரர் கிட்டே வந்து பார்த்தார். "இதைக் கழட்டற கூலி யாருது?"

"எடுக்கறவங்களுது" என்றார் எழுத்தர். "தொகுதியில ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எடுக்கவும் கூடாது. முழுசா அப்புறப்படுத்தணும்."

"கழட்ட வரட்டும் சார், நான் தயார்" என்றாள் அவள். "ஆனா மீதி அஞ்சு பல்லும் நல்லாக் கடிக்கும். அதுங்க ஆபீஸ் தளவாடம், எனக்கு அதுங்க மேல கட்டுப்பாடு கிடையாது."

இரும்புக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "நமக்குக் கட்டுபடியாகாதும்மா. நீயே எடுத்துக்கோ."

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். முளைத்த நாளிலிருந்து அவள் வாயில் இருந்த பல், அன்றைக்குத்தான் ரசீதோடு அவளுக்குச் சொந்தமானது.

ரசீது கையில் வந்த மறு நிமிஷம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பல் மருத்துவரிடம் ஓடினாள். "அனுமதி கிடைச்சுடுச்சா?" என்று கேட்டார் மருத்துவர். "ஏலத்துல எடுத்துட்டேன்" என்றாள். மருத்துவர், சீழ் கோக்க ஆரம்பிக்கிற சமயம், நல்ல வேளை வந்தீர்கள் என்று மட்டும் சொல்லி வேலையில் இறங்கினார். நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, அடுத்த வாரம் அச்சு எடுத்து, மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் உறையைப் பொருத்தினார். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கே, அந்தச் சின்னக் கோணலோடு. எது பழசு எது புதுசு என்று குழந்தையால் கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. "அப்பவே சொன்னேன்ல, முளைக்கும்னு" என்று அது பெருமையை எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் நாற்காலிகளுக்குக் கால் வைத்து, மின்விசிறியையும் ஓட வைத்தார்.

மாதக் கடைசி நாள். மத்தியானம் இயக்குநரே தணிக்கைக்கு வந்தார். பின்னால் மேலாளர், அவருக்குப் பின்னால் பதிவேட்டோடு தளவாட எழுத்தர். மூன்றாம் ஜன்னலில் நின்றார்கள்.

மூணாம் ஜன்னல் விதிப்படி புன்னகைத்தாள்.

"ஆறு" என்றார் இயக்குநர், திருப்தியாக.

"பதிவேட்டில் அஞ்சுங்க" என்றார் எழுத்தர்.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை." அவள் இன்னொரு தடவை புன்னகைத்தாள். "ஆறுதான் இருக்கு. அந்த ஆறாவது யாருது?"

"என்னோடது சார். இதோ ரசீது."

"மத்த அஞ்சும்?"

"உங்களுது சார்."

"தனியார் பல்லை அலுவலக நேரத்தில் காட்டலாமா?"

"கூடாதுதான் சார். மத்த அஞ்சை மட்டும் எப்படிக் காட்டறதுன்னு நீங்க செஞ்சு காமிச்சா, அதே மாதிரி செஞ்சுடறேன்."

இயக்குநர் முயற்சி செய்தார். மேலாளர் முயற்சி செய்தார். நடுப் பல்லை மட்டும் உதட்டால் மறைத்துக்கொண்டு மற்றதெல்லாம் தெரிகிற மாதிரி, ஆளுக்கு ஒரு பக்கம் வாயைக் கோணினார்கள். வரிசையில் நின்ற ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

"அப்படியென்றால் இந்த ஜன்னலில் அலுவலகப் பற்கள் ஐந்துதான். குறைபாடு" என்றார் இயக்குநர். "குறைபாட்டுக்குப் பொறுப்பானவர் கிடங்குக்குப் போக வேண்டும்."

மூணாம் ஜன்னல் வாயை மூடவில்லை. "நான் பல்லைத் தொலைக்கலையே சார். ஆபீஸ்தான் வித்தது. வித்த உத்தரவுல யாரு கையெழுத்துன்னு பாருங்க."

இயக்குநர் உத்தரவைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி ஆனார்.

"சார், சார்! வாடகைக்கு எடுத்துடலாம் சார்! அந்தப் பல்லை ஆபீஸ் குத்தகைக்கு எடுத்துட்டா ஆறும் நம்ம கணக்குல வந்துடும் சார்!"

இயக்குநருக்கு அது பிடித்திருந்தது. குத்தகைப் பத்திரம் எழுதி முடியும் வரை பல்லும், பல்லைச் சேர்ந்த ஆளும் இருக்கும் ஜன்னலிலேயே இருக்க வேண்டும் என்றும், கோப்பு நிலுவையில் இருக்கும்போது யாரையும் எங்கேயும் மாற்றக் கூடாது என்றும் உத்தரவிட்டுவிட்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தபடி காரில் ஏறிப் போனார்.

மேலாளர் அப்போதே ஒரு காகிதத்தை எழுதிக்கொண்டு மூன்றாம் ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"வரிசையில வாங்க சார்" என்றாள் மூணாம் ஜன்னல்.

அவருக்கு முன்னால் பதினோரு பேர். மேலாளர் ஒருவர் வரிசையில் நிற்பதை அந்த ஊர் ஜனங்கள் அதுவரை பார்த்ததே இல்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்", "முன்னாடி பூராதீங்க சார்" என்று ஆளாளுக்கு அதிகாரம் பண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவழியாக அவர் முறை வந்தது.

"பல்லைக் குத்தகைக்கு எடுக்கணும்மா."

அவள் தொடக்கப் புன்னகையைப் புரிந்தாள். "மூணு பிரதி வேணும் சார்."

"எடுத்துட்டு வர்றேன்."

"குத்தகைதாரரோட முகவரிச் சான்று?"

"நான் இங்கதானேம்மா வேலை பாக்கறேன்! பக்கத்து அறை!"

"நீங்க சொல்றீங்க. காகிதம் சொல்லணும் இல்லையா? முகவரிச் சான்றுக்குத் தனி விண்ணப்பம். இதே ஜன்னல்தான். ஆனா வரிசை மறுபடி கடைசியிலேருந்து." கோப்பு முடியாத வரைக்கும்தான் இந்த ஜன்னலும் அந்தப் பத்து நிமிஷ நடையும் தனக்கு உறுதி என்பது அவளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டிருந்தது. இனி அந்தப் பத்திரம் எந்தக் காலத்திலும் முடியப் போவதில்லை.

வரிசையே கொல்லென்று சிரித்தது. "அப்படிப் போடும்மா!" என்று ஒருத்தர் கை தட்டினார். இத்தனை வருஷமாகத் தங்களை அலைய வைத்ததை எல்லாம், அவள் ஒருத்தியே வட்டியோடு திருப்பிக் கொடுப்பது போல அவர்களுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மேலாளர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போனார். அந்தக் காட்சியை ரசித்து, பேசி, மறுபடி சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

அதற்குள் கடிகாரத்தில் மணி ஐந்து.

அடுத்ததாக நின்ற அம்மாள், மூன்றாவது நாளாக அதே காகிதத்தோடு வந்திருப்பவள், கையை ஜன்னலுக்குள் நீட்டினாள். "இதுல ஒரு முத்திரைதாம்மா பாக்கி. ஒரே நிமிஷம்."

ஐந்தே காலுக்குக் காப்பகத்துக் கதவில் குழந்தை பையை மாட்டிக்கொண்டு நிற்கும். மூணாம் ஜன்னல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சேவையின் முடிவில் புரிய வேண்டிய புன்னகையை, ஆறு பல்லும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும் வண்ணம் புரிந்தாள்.

"நாளைக்கு வாங்கம்மா" என்றாள். ஜன்னல் மூடியது.

வெளியே சிரிப்பு நின்றுபோயிற்று. கை தட்டியவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த அம்மாள் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தபடி, பின்னால் நின்றவளிடம் சொன்னாள்:

"என்ன இருந்தாலும் முன்ன மாதிரி இல்ல. இப்பல்லாம் எவ்வளவு அழகாச் சிரிக்கறாங்க."